மல்காஜ்கிரி மாடி அறையும் ஒரு முழங்காலும்

செகந்திராபாத்தில் வந்து இறங்கிய முதல் காலையிலேயே ஆட்டோக்காரர் என்னை ஓர் எலும்புக்கட்டு வைத்தியசாலையின் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். தப்பு அவருடையது இல்லை. எனக்குத் தெரிந்த இந்தி ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. முழங்கால் எலும்பைத் தட்டிக் காட்டி, "போன் ஹாஸ்பிடல்" என்றேன். அவர் என் காலையும் பெட்டியையும் இரக்கத்தோடு பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அந்த இடத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள் மூங்கில் பத்தை வைத்த கைகளோடும் முட்டைப் பற்று போட்ட கால்களோடும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஒருவர் வந்து எந்தக் கால் என்று சைகையில் கேட்டார். நான் எலும்பு டாக்டர், அறுவை சிகிச்சை படித்தவன் என்று அவரிடம் எந்த மொழியில் சொல்வது? கும்பிட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன். ஆட்டோக்காரர் போகாமல் நின்றிருந்தார்.

"உங்க பேர் என்ன?" என்று இந்தியில் கேட்டார். மைதீன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை அளந்து பேசியவர் அருவி மாதிரி உருதுவில் கொட்ட ஆரம்பித்தார். ஒன்றும் விளங்காமல் நான் விழிப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"உருது நை ஆதீ? கைக்கு?" ஏன் வராது என்கிறார். மேலப்பாளையத்தில் பிறந்தவனுக்குத் திருநெல்வேலித் தமிழ்தான் தாய்மொழி, வீட்டில் வாப்பாவும் உம்மாவும் பேசுவது அதுதான் என்பதை அவருக்கு என்னால் கடைசிவரை புரியவைக்க முடியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்து வாசலில் விட்டார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் அது. எலும்பு மருத்துவத்தில் மேற்படிப்பை முடித்துவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்கிலிருந்து விழுந்தவர்களுக்குத் தகடு வைப்பது, கம்பி போடுவது, மாவுக்கட்டு. கை நிறைய வேலை. ஆனால் வாரத்துக்கு ஒருவராவது விளையாட்டில் முழங்கால் பிசகி வருவார்கள். எலும்பு முறிந்திருக்காது, படத்தில் ஒன்றும் தெரியாது. "விளையாட்டை விட்ருப்பா" என்பதுதான் எங்கள் பக்கம் அதற்குச் சிகிச்சை. மூட்டுக்குள் சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டு, அறுந்த நாரைப் புதிதாகக் கட்டும் வித்தையை நான் புத்தகத்திலும் இரண்டொரு பயிலரங்கிலும்தான் பார்த்திருந்தேன். அதை முறையாகக் கற்றுக்கொள்ள ஒரு வருடப் பயிற்சிக்கு இந்த ஆஸ்பத்திரி என்னைக் கூப்பிட்டிருந்தது. என் பெரிய டாக்டர் சிரித்தார். "தொளை போட்டு டிவியில முட்டியப் பாக்கதுக்கு இங்க எவன்வே வருவான்?" என்றுதான் வழியனுப்பினார்.

விளையாட்டு மருத்துவப் பிரிவின் தலைவர் டாக்டர் பத்மஜா. என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவராக இருப்பார். குள்ளமான உருவம், ஓட்டமான நடை, கோட்டுப் பையில் எப்போதும் கடலை மிட்டாய். அவருடைய அறைக்குள் போனபோது எனக்கு முன்பே அங்கே ஒருவன் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். பெயர் கிரண், ஊர் ராஜமுந்திரி. அவனும் அதே பயிற்சிக்குத்தான் வந்திருந்தான்.

பத்மஜா மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்கோ போன் போட்டார், தெலுங்கில் கத்தினார், வைத்தார்.

"ஒரு இடத்துக்கு ரெண்டு பேரைக் கூப்பிட்டிருக்காங்க. என் தப்பில்லை, ஆனா என் தலைவலி" என்றார் ஆங்கிலத்தில். "ஒரு மாசம் ரெண்டு பேரும் இருங்க. அப்புறம் நிர்வாகம் ஒருத்தரைத்தான் வைக்கச் சொல்லும். இப்போ போய்க் கை கழுவிட்டு வாங்க, கேஸ் இருக்கு."

கை கழுவும் தொட்டியில் கிரணும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, முழங்கை வரை சோப்பு போட்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் தேய்த்துக்கொண்டோம்.

தங்குவதற்கு மல்காஜ்கிரியில் ஒரு மாடி அறை ஏற்பாடாகியிருந்தது. வீட்டுக்காரர் செல்வராஜ் அண்ணாச்சி, கோவில்பட்டிக்காரர், ரயில்வே பணிமனையில் வேலை. ஊரிலிருந்து போனில் பேசும்போதே, "நான் முஸ்லிம் அண்ணாச்சி, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டேன். "அதனால என்னய்யா? பிரியாணி செய்யுத அன்னைக்கு எங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்திரும்" என்று சொல்லிவிட்டார்.

வாசலிலேயே நின்று வரவேற்றார். "வாங்க தம்பி. ரூம்பு சின்னதுதான், காத்து நல்லா வரும். தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் விடுவான், பிடிச்சு வச்சுக்கிடணும்." உள்ளே திரும்பி, "பிரேமா, சோறு ஆச்சா?" என்றார். "ஹவ், ஆச்சு!" என்று மதினியின் குரல் வந்தது. ஊரை விட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். பேச்சு அப்படியே கோவில்பட்டிதான். நடுநடுவே ஆமாமுக்கு ஹவ்வும் வேண்டாமுக்கு நக்கோவும் விழுந்துகொண்டே இருக்கும்.

முதல் சாப்பாட்டில் மதினி கோங்குரா ஊறுகாய் வைத்தார். நம்ம புளிச்சக்கீரைதானே என்று தோசைக்குச் சட்னி தொடுகிற அளவுக்கு அள்ளி வைத்துக்கொண்டேன். அடுத்த நிமிடம் காது அடைத்துக் கண்ணில் நீர் கொட்டியது. அப்போதுதான் மகள் நித்யா மாடிப்படியில் இறங்கி வந்தாள். பி.காம். படிக்கிறவள், நல்ல உயரம். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பார்த்தது அவளுடைய வலது முழங்காலில் சுற்றியிருந்த எலாஸ்டிக் கட்டை. ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்து இறங்கினாள்.

"என்னம்மா கால்ல?" என்றேன்.

"ஏம் லேது டாக்டர்காரு. சின்ன ஸ்ப்ரெயின்." ஒன்றுமில்லையாம். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோதான் வரும்.

"வாலிபால்ல குதிச்சு எறங்கும்போது மடங்கிட்டு" என்றார் அண்ணாச்சி. "டாக்டர் ஒருத்தர் பாத்தாரு, சுளுக்குன்னுட்டாரு. அடுத்த மாசம் இவளுக்கு ரயில்வேயில விளையாட்டுக் கோட்டா செலக்சன் இருக்கு. எடுத்தாச்சுன்னா வேலை."

நான் ஊறுகாயை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தேன். கேட்காத இடத்தில் வைத்தியம் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு மரியாதை.

ஆஸ்பத்திரிக்குப் போக ஏழு பேர் உட்காரும் பெரிய ஆட்டோ. ஏழு என்பது பேருக்குத்தான். ஓட்டுநரின் இருபுறமும் ஒவ்வொருவர், பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். திருநெல்வேலி மினிபஸ் கூட்டத்தில் பழகியவன் நான். எனக்கு மூச்சுத் திணறவில்லை. கிரணுக்குத்தான் முதல் வாரம் ஒரு செருப்பு போயிற்று.

வருகிற நோயாளிகள்தான் என்னை ஆச்சரியப்படுத்தினார்கள். விளையாட்டு மருத்துவம் என்றால் பதக்கம் வாங்கியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்து வந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் மென்பொருள்காரர்கள். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக் கிரிக்கெட்டில் பதினாறு வயது என்ற நினைப்பில் ஓடியவர்கள். ஒரு பையன் தோள்பட்டை நழுவி, வலியில் முகம் வெளுத்து வந்திருந்தான். அந்த நிலையிலும், "நாளைக்கு லேப்டாப் தூக்கலாமா சார்?" என்று கேட்டான்.

அந்தத் தோளை நான்தான் உள்ளே தள்ளினேன். ஊரில் எத்தனையோ முறை செய்தது. பத்மஜா மேடம் கதவருகே நின்று பார்த்துவிட்டு, ஒரு கடலை மிட்டாயை உடைத்துப் பாதியை நீட்டினார். ஆனால் கேமராவைக் கையில் கொடுத்தால் நான் திணறினேன். திரையில் தெரியும் கருவி வலப்பக்கம் போக வேண்டும் என்றால் கை வேறெங்கோ போகும். கிரணின் கைகள் அதில் அமைதியாக இருந்தன. இடம் அவனுக்குத்தான் என்று இரண்டாவது வாரமே எனக்குத் தோன்றிவிட்டது.

அந்த வாரம் எங்கள் இருவரையும் ஹைடெக் சிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் நடக்கும் முகாமுக்கு அனுப்பினார் மேடம். ரயிலில் போனால் சீக்கிரம் என்றார்கள். கிரண் தெலுங்கன், அவனுக்கு ஊர் தெரியும் என்று நான் அவன் பின்னால் போனேன். நான் முஸ்லிம், எனக்கு உருது தெரியும், யாரிடமாவது கேட்டிருப்பேன் என்று அவன் என்னை நம்பி ஏறினான். ரயில் போகப் போக, கண்ணாடிக் கட்டடங்கள் வரவேண்டிய இடத்தில் பழைய வீடுகளும் மசூதிக் கோபுரங்களும் வந்தன. கடைசி நிலையத்தில் இறங்கினால், ஃபலக்னுமா. நகரத்தின் நேர் எதிர்க் கோடி.

"உனக்கு உருது தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான் கிரண்.

"உனக்கு ஹைதராபாத் தெரியாதா?"

"நான் இந்த ஊருக்கு வந்ததே நீ வந்த அதே நாள்லதான்!"

பிளாட்பாரத்திலேயே இருவரும் சிரித்தோம். அதுவரை நாங்கள் வேலையைத் தவிர வேறு பேசியதில்லை. மேடத்துக்குப் போன் செய்து திட்டு வாங்கிக்கொண்டு, திரும்பும் ரயிலுக்கு நேரமிருந்ததால் நிலையத்துக்கு வெளியே ஒரு சின்ன ஓட்டலில் நுழைந்தோம். கல்லாவில் இருந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொண்டார். "கைக்கு பரேஷான்? பைட்டோ, பைட்டோ" என்றார். ஏன் கவலை, உட்காருங்கள் என்கிறார். பிரியாணி வந்தது. எங்கள் வீட்டுப் பிரியாணி சீரகச் சம்பா. குழைவாக, மசாலா ஒவ்வொரு அரிசியிலும் ஏறியிருக்கும். இங்கே நீள அரிசி, பாதி வெள்ளை, பாதி மஞ்சள், கறி அடியில் ஒளிந்திருக்கிறது. முதல் வாய் சாப்பிடும்போது உம்மாவின் பக்கம் இருந்தேன். தட்டு காலியாகும்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எழுந்திருக்கும்போது கிரண் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். கேட்டேன். சொன்னான். கல்லூரிக் காலத்தில் அவன் பேட்மின்டன் ஆடியவன். முழங்காலில் நார் அறுந்தது. சுளுக்கு என்றார்கள். அவனும் கட்டுப் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் ஆடினான்.

"லிகமென்ட் மட்டும்தான் முதல்ல போச்சு. நான் ஆடி ஆடி, ரெண்டு எலும்புக்கும் நடுவுல இருந்த மெத்தையையும் கிழிச்சுக்கிட்டேன். இப்போ முப்பது வயசு, முட்டிக்கு அறுபது."

எனக்கு நித்யாவின் படி இறங்கும் கால் ஞாபகம் வந்தது.

அன்று மாலை நானாகவே அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஒருதடவை கையை வச்சுப் பாக்கட்டுமா?" கூடத்துக் கட்டிலில் நித்யா கால் நீட்டினாள், மதினி பக்கத்தில் நின்றார். ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கெண்டைக்காலை மெல்ல முன்னால் இழுத்தேன். நல்ல முழங்காலில் ஒரு இடத்தில் டக்கென்று நிற்கும், கயிறு இறுகியது மாதிரி. இடது காலில் நின்றது. வலது காலில் நிற்கவே இல்லை; எலும்பு வழுக்கிக்கொண்டு என் கையோடு வந்தது. திரும்பும்போது கால் நழுவுகிறதா என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு, "சம்டைம்ஸ்" என்றாள்.

ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். வந்தது. பத்மஜா மேடம் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நார் முழுவதும் அறுந்திருந்தது. மெத்தையின் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல். இப்போது தைத்தால் பிழைக்கும்.

"ஆபரேஷன். அப்புறம் எட்டு ஒன்பது மாசம் குதிக்கக் கூடாது" என்றார் மேடம்.

வீட்டில் அன்று ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். அண்ணாச்சிக்கு வேலைதான் கண்முன் நின்றது. "செலக்சன் முடிஞ்ச பொறவு ஆபரேஷன் வச்சுக்கிட்டா ஆகாதா தம்பி? ஒருநாள் கூத்துதான?" மதினிக்கு ஆபரேஷனே கூடாது. "பொம்பளப் பிள்ள கால்ல கத்தி வைக்கதாவது! விளையாட்டும் நக்கோ, வேலையும் நக்கோ. நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?" நித்யா அழவில்லை. கோபமாக என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீங்க வர்றதுக்கு முன்னாடி இது ஸ்ப்ரெயினா இருந்தது. இப்போ ஆபரேஷன். ஏன் வந்தீங்க?"

உண்மையில் எனக்கும் உறுத்தியது. எத்தனையோ பேர் முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு அறுந்த நாரோடு ஆடுகிறார்கள். அவளும் ஒருநாள் தப்பித்துவிட்டால், வேலை கிடைத்துவிடும். தப்பிக்காமல் மெத்தையும் முழுசாகக் கிழிந்துவிட்டால், கிரணின் முட்டிதான். இரண்டையும் அண்ணாச்சியிடம் மறைக்காமல் சொன்னேன். "முடிவு நித்யா எடுக்கணும் அண்ணாச்சி. ஆனா நீங்க என் சொந்த அண்ணனா இருந்தா, வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

ஞாயிற்றுக்கிழமை கிரணைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நித்யாவுக்குத் தெலுங்கில் அவனோடு பேச்சு நன்றாக ஓடியது. நடுவில் அவன் தன் முழங்காலில் அவள் கையை வைக்கச் சொல்லி, காலை மடக்கி நீட்டினான். உள்ளே கரகரவென்று அரைபட்டது. "சீ!" என்று கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு சாப்பாட்டில் அவள் கை ஓடவில்லை.

மறுநாள் மாலை நான் வீடு திரும்பியபோது மதினி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, ஷூவைப் போட்டுக்கிட்டுக் கிரவுண்டுக்குப் போயிட்டா. அவுகளும் வேலையில இருந்து இன்னும் வரல. நீங்க போய்ப் பாருங்களேன்."

ரயில்வே குடியிருப்புக்குப் பக்கத்து மைதானம். செம்மண் தரை, சுற்றிலும் வேப்ப மரங்கள், நடுவில் வலை. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நித்யா காலில் உறை மாட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்திருந்தாள். "நித்யா, வேண்டாம்!" என்று கத்தினேன். கேட்டதோ இல்லையோ, பந்து உயரே வந்தது, அவள் எழும்பினாள். அதுவரை நான் அவளைப் படி இறங்குகிறவளாகத்தான் பார்த்திருந்தேன். வலைக்கு மேலே முழங்கை வரை தெரிய எழும்பி, கை வீசி அடித்தாள். பந்து எதிர்ப்பக்கம் தரையில் அறைந்தது. இரண்டு காலிலும் சுத்தமாக இறங்கினாள். என்னைப் பார்த்து, 'பார்த்தீர்களா?' என்பது போலக் கையை விரித்தாள்.

அடுத்த பந்து வலையில் பட்டு அவள் பின்னால் விழுந்தது. எடுக்கத் திரும்பினாள். அவ்வளவுதான். குதிக்கக்கூட இல்லை. கால் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

தோழிகள் சுற்றிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் மண்டியிட்டு முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். மெல்ல மடக்கி நீட்டினேன். முழுதாக நீண்டது, எங்கும் மாட்டவில்லை, மெத்தை தப்பியிருக்கிறது. வீக்கம் மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது. நித்யா கையிலிருந்த செம்மண்ணைத் தட்டிக்கொண்டாள். பிறகு, நான் அவளிடமிருந்து அதுவரை கேட்டிராத முழுத் தமிழில், "போதும். எப்ப ஆபரேஷன்னு கேட்டுச் சொல்லுங்க. அம்மாட்ட நானே பேசிக்கிடுதேன்" என்றாள். அச்சு அசல் கோவில்பட்டி.

அம்மாவிடம் எப்படிப் பேசினாள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை மதினி எனக்குத் தோசை வைக்கும்போது, "தழும்பு எம்புட்டு நீளம் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். சுண்டுவிரலில் பாதி என்று காட்டினேன். இன்னொரு தோசையைத் தட்டில் போட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நித்யா, "நீங்களே பண்ணுங்க" என்றாள். அண்ணாச்சியும் தலையாட்டினார். அந்த மாத முடிவுக்குள் ஆளுக்கு ஒரு கேஸ், தான் பக்கத்தில் நிற்க, முழுதாகச் செய்யவேண்டும் என்று பத்மஜா மேடம் எங்களிடம் சொல்லியிருந்தார். அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்யப்போகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். கிரண் தன்னுடையதை நன்றாகவே முடித்துவிட்டான். எனக்கு இதுதான் வாய்ப்பு.

"நான் இதை ஆரம்பத்துல இருந்து கடைசி வரை தனியாச் செஞ்சது கிடையாது அண்ணாச்சி" என்றேன். "மேடம் செய்யட்டும். நான் கூட நிக்கேன்."

மேடத்திடமும் அதையே சொன்னேன். அவர் கடலை மிட்டாயை மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்போ உன் கேஸ்?" என்றார். வேறு யாராவது வருவார்கள் என்றேன். "இந்த மாசத்துக்குள்ளே வரணுமே" என்றார். தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் ஊசி. நித்யா விழித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். புது நாருக்கு அவளுடைய தொடையின் பின்னாலிருந்தே ஒரு தசைநாணை எடுக்கவேண்டும். "நீ எடு" என்றார் மேடம் சுருக்கமாக. இந்த ஆபரேஷனில் கைதேர்ந்தவர்களும் தவறும் இடம் அதுதான். அந்தத் தசைநாணிலிருந்து கெண்டைத்தசைக்குக் கிளைபோல ஒரு சின்ன இழை ஓடும். அதை முதலில் வெட்டாமல் உருவினால், தசைநாண் பாதியில் அறுந்து துண்டாகக் கையில் வரும். பிறகு ஒன்றுக்கும் உதவாது. கண்ணுக்கு எதுவும் தெரியாது, விரலால்தான் தேடவேண்டும்.

தேடினேன். ஒன்று கிடைத்தது, வெட்டினேன். இழுத்துப் பார்த்தேன். தசைநாண் வந்தது, ஆனால் கெண்டைக்கால் தோலில் லேசாக ஒரு குழி விழுந்தது. இன்னொரு இழை இருக்கிறது. மறுபடி விரலை விட்டேன், ஆழத்தில் நூல் போல ஒன்று தட்டுப்பட்டது. வெட்டினேன். இழுத்தேன், குழி விழவில்லை. உருவும் கருவியைச் செலுத்தினேன். வெண்மையாக, நீளமாக, முழுசாக வந்தது. எதிரில் நின்ற கிரண் முகமூடிக்குள் மூச்சு விட்டது கேட்டது. பக்கத்து மேஜையில் அதை மடித்துத் தைத்து நானே தயார் செய்தேன்.

மேடம் கேமராவை உள்ளே விட்டார். மூட்டுக்குள் நிரப்பிய தண்ணீரில் அறுந்த நாரின் நுனிகள் வெள்ளை வெள்ளையாக அசைந்தன.

"அது என் முட்டியா?" என்றாள் நித்யா.

"ஆமா."

"பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கு." கொஞ்சம் கழித்து, புதிய நார் எலும்பில் துளைத்த சுரங்கத்துக்குள் ஏறி இறுகி நின்றபோது, "இது பரவால்ல" என்றாள். மெத்தையில் மேடம் இரண்டு தையல் போட்டு முடித்தார்.

மாதம் முடிந்தது. எனக்குக் கேஸ் கிடைக்கவில்லை. பத்மஜா மேடம் எங்களை அழைத்தார். "கிரண் இருக்கட்டும்னு நினைக்கிறேன்" என்றார். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் ஊரில் பெரிய டாக்டரின் சிரிப்பு கண்முன் வந்தது. கிரண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரத்தில் எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். "மேடம், இங்கே அவசரப் பிரிவுல எலும்பு டாக்டர் இல்லாம அடிக்கடி உங்களைக் கூப்பிடறாங்க. முறிவு, மூட்டு நழுவல் எல்லாம் நான் நல்லாச் செய்வேன். அந்த வேலையை எனக்குக் கொடுங்க. மிச்ச நேரத்துல உங்க தியேட்டர்ல நின்னுக்கறேன்."

"ரெண்டையும் செஞ்சா நீ செத்துருவே" என்றார்.

"முறையை நாங்க மாத்திக்குவோம் மேடம்" என்று கிரண் நிமிர்ந்தான். "பாதி நாள் நான் அங்கே போறேன். எனக்கும் முறிவு கத்துக்கணும். இவன் எனக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், கேமரா நான் இவனுக்குச் சொல்லிக்கொடுக்கறேன்."

அவர் மறுபடி போனை எடுத்து யாரிடமோ தெலுங்கில் கத்தினார். இந்த முறை முடிக்கும்போது சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் பார்க்க வந்தவன் இரண்டு வருடம் இருந்துவிட்டேன். அந்த மழைக்காலத்தில், ஹைடெக் சிட்டியில் கிரிக்கெட் ஆடி விழுந்த ஒரு மென்பொருள்காரருக்கு என் முதல் முழு ஆபரேஷனைச் செய்தேன். மேடம் பக்கத்தில் நின்று, ஒரே ஒருமுறைதான் என் கையைத் திருத்தினார். இப்போது திருநெல்வேலியில் எனக்கென்று ஒரு சின்ன மையம் இருக்கிறது. கோவில்பட்டி ஹாக்கிப் பிள்ளைகளும் தூத்துக்குடிக் கால்பந்துக்காரர்களும் வருகிறார்கள். கிரண் ராஜமுந்திரியில் இருக்கிறான். சிக்கலான படம் ஏதாவது வந்தால் இருவரும் போனில் சண்டை போட்டுக்கொள்வோம்.

ஆனால் அந்த ஊரில் கழித்த நாட்களில் மறக்க முடியாதது எது என்று கேட்டால், நான் சொல்வது அடுத்த வருடத்துச் செலக்சன் நாளைத்தான். நித்யா அந்த எட்டு ஒன்பது மாதத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருந்தாள். மாடிப்படியில் ஏறி இறங்கி, ஒற்றைக் காலில் நின்று, மணல் பையைக் காலில் கட்டிக்கொண்டு. எத்தனையோ நாள் என்னோடு பேசவே மாட்டாள். மதினிதான் எண்ணி எண்ணிச் செய்யவைத்தார்.

அன்று அண்ணாச்சியால் பார்க்க முடியவில்லை. டீ குடிக்கிறேன் என்று வெளியே போய்விட்டார். மதினி கண்ணை மூடிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பந்து எழும்பியது. நித்யா ஓடிவந்து எழும்பினாள். அடித்துவிட்டு இறங்கும்போது எதிர்பாராமல் வலது கால் ஒன்றில் மட்டும் இறங்கினாள், ஆபரேஷன் செய்த கால். நான் இருந்த இடத்திலேயே எழுந்துவிட்டேன். முழங்கால் மடங்கியது, தாங்கியது, நிமிர்ந்தது. அதே காலை ஊன்றித் திரும்பி அடுத்த பந்துக்கு ஓடினாள்.

சுற்றிலும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் பந்தைப் பார்க்கவே இல்லை.

"என்ன ஆச்சு தம்பி?" என்றார் மதினி கண்ணைத் திறக்காமல்.

"கால் நிக்கி மதினி" என்றேன். "முட்டு நல்லா நிக்கி."

"அது கெடக்கட்டும், பாயிண்ட் யாருக்கு?"

அதை நான் முன்வரிசையில் இருந்தவரைத் தட்டிக் கேட்டுத்தான் சொல்லவேண்டியிருந்தது. பாயிண்ட் நித்யாவுக்கு. சாயங்காலம், தேர்வானவர்கள் என்று வாசித்த பெயர்களில் அவள் பெயர் கடைசியாக வந்தது. அப்போதுதான் அண்ணாச்சி டீக்கடையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். மதினி என்னை விட்டுவிட்டு அவரை நோக்கி ஓடினார்.